ஓடிபி வராத ஊர்

சிங்கப்பூரில் 2ஜி சேவையை 2017 ஏப்ரலில் மூடிவிட்டார்கள். திருச்சியில் விமானம் ஏறி, கைப்பையில் ஒரு பழைய பட்டன் போனையும் அதற்குள் வங்கிக் கணக்கோடு இணைந்த சிம்மையும் வைத்துக்கொண்டு சாங்கியில் இறங்குபவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? போன் நன்றாகத்தான் இருக்கும். சார்ஜ் முழுதாக இருக்கும். ரோமிங்குக்குப் பணமும் கட்டியிருப்பார்கள். சிக்னல் மட்டும் எட்டிப்பார்க்காது. ஜப்பானும் தென்கொரியாவும் இன்னும் மோசம். நம் பட்டன் போன்களுக்குப் பழக்கமான ஜிஎஸ்எம் 2ஜி அந்த இரண்டு நாடுகளிலும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அந்தப் பட்டன் போனைக் கேலி செய்யவும் முடியாது. கண்ட லிங்கையும் தொட்டு, கண்ட செயலியையும் இறக்கும் ஸ்மார்ட்போனில் வங்கி எண்ணை வைக்காதே, தனியாக ஒரு சின்ன போனில் வை என்பது விவரமானவர்கள் சொல்லும் யோசனைதான். உள்ளூரில் அது பலமான காவல். விமானம் ஏறியதும் அதே காவல் சொந்தக்காரரையே வெளியே நிறுத்திவிடுகிறது.

ஒரு வாரம் தாய்லாந்து போய் வருபவர் எப்படியோ சமாளித்துவிடுவார். மாட்டிக்கொள்பவர்கள் நியூ ஜெர்சியிலோ டெக்சஸிலோ இருக்கும் பிள்ளை வீட்டுக்கு ஆறு மாதம் தங்கப் போகும் பெற்றோர்கள். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போனாலும் ஊரில் விட்டுவந்த வீடு சும்மா இருக்காது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின் கட்டணம், இன்சூரன்ஸ் பிரீமியம், சொத்து வரி, முதிர்ந்து நிற்கும் வைப்புத்தொகை, ஜூலை வந்தால் வருமான வரிக் கணக்கு. ஒவ்வொன்றும் கடைசிப் படியில், எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி என்ற அந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தியக் கார்டை வைத்து அமெரிக்க இணையதளத்தில் பொருள் வாங்கினால் பல நேரம் ஓடிபி கேட்பதே இல்லை, பணம் போய்விடும். அதே கார்டில் மதுரை வீட்டு மின் கட்டணத்தைக் கட்ட உட்கார்ந்தால்தான் தடை. இணையவழிக் கார்டுப் பரிவர்த்தனைக்குக் கார்டு விவரம் போக இன்னொரு சரிபார்ப்பும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009இல் கட்டாயமாக்கியது. அந்த விதி உள்நாட்டு வணிகர்களைக் கட்டுப்படுத்தியது. வெளிநாட்டு வணிகர்களை அல்ல. இரண்டாவது சரிபார்ப்பு எஸ்எம்எஸ்ஸில்தான் வர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி சொல்லவில்லை. எஸ்எம்எஸ்ஸைப் பிடித்துக்கொண்டவை வங்கிகள். எந்தப் போனிலும் வரும், யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டாம் என்ற இரண்டு வசதிகளுக்காக.

வந்தால் சரி. வராத ஊரில் என்ன செய்வது?

பல குடும்பங்களில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சிம்மை ஊரிலேயே அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போவது. பணம் அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் கூப்பிடுவார்கள். "அக்கா, மெசேஜ் ஏதாச்சும் வந்துச்சா?" "வந்திருக்குடா தம்பி, நாலு வந்திருக்கு. எதைப் படிக்கட்டும்?" "கடைசியா வந்ததைப் படிக்கா." "கண்ணாடி எங்க வெச்சேன்னு தெரியலையே..." அதற்குள் எண் காலாவதியாகிவிடும். அங்கே மாலை ஆறு என்றால் இங்கே பின்னிரவு. அக்காவும் எத்தனை நாள்தான் எழுந்திருப்பார்?

அன்பால் நடக்கும் இந்த ஏற்பாட்டுக்குச் சட்டத்தின் பார்வையில் வேறு பெயர். வாடிக்கையாளரின் பொறுப்பு பற்றி ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, பரிவர்த்தனைக்கான ரகசிய விவரங்களை அடுத்தவரிடம் சொன்னது போன்ற கவனக்குறைவால் பணம் போனால், வங்கியிடம் புகார் சொல்லும்வரை ஏற்படும் இழப்பு முழுவதும் வாடிக்கையாளர் தலையில்தான். எஸ்எம்எஸ்ஸைத் தானாகவே மின்னஞ்சலுக்குத் தள்ளிவிடும் செயலிகளும் இருக்கின்றன. அவை அக்காவைவிட ஆபத்தானவை. வங்கிக் கணக்கின் கடைசிச் சாவியை முகம் தெரியாத ஒருவரின் சர்வர் வழியாக அனுப்பிவைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

சிம்மைக் கையோடு கொண்டுபோவதே மேல். ஆனால் அதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எஸ்எம்எஸ் இணையத்தில் பயணிப்பதில்லை. கைபேசியும் கோபுரமும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கட்டுப்பாட்டுத் தடத்தில் 140 பைட்டுக்குள் அடங்கும் சின்னப் பொட்டலமாகப் போகிறது. சிம் வெளிநாட்டு நெட்வொர்க்கில் பதிவானதும், இந்த எண் இப்போது எங்கே இருக்கிறது என்ற தகவல் இந்தியாவில் உள்ள தாய் நெட்வொர்க்குக்குப் போய்ச் சேரும். வங்கி அனுப்பும் செய்தி அந்த முகவரியைப் பார்த்துத் தேடிவரும். ஆகவே டேட்டா ரோமிங்கை அணைத்துவைத்தாலும் ஓடிபி வரும். வேண்டியது பன்னாட்டு ரோமிங் என்ற வசதி அந்த எண்ணுக்குத் திறக்கப்பட்டிருப்பது மட்டுமே. இந்தியச் சிம்களில் அது பொதுவாக மூடியே இருக்கும். கிளம்புவதற்கு முன் நிறுவனத்தின் செயலியில் போய்த் திறந்துவிட வேண்டும். உள்வரும் எஸ்எம்எஸ்ஸுக்கு இந்திய நிறுவனங்கள் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை. தெரியாமல் எடுத்துவிடும் அழைப்புக்குத்தான் பில் எகிறும்.

இரண்டு சிம் போனில் இது சுலபம். இந்தியச் சிம் ஓர் இடத்தில், டேட்டா அணைத்து, ஓடிபிக்காக மட்டும் விழித்திருக்கும். போகிற நாட்டின் இசிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம், இன்னொன்றில், இணையத்துக்காக. பெரியவர்கள் வீட்டில் நடப்பது பெரும்பாலும் வேறு. விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும் மகன் தன் குடும்பத் திட்டத்தில் உள்ளூர் சிம் ஒன்றைப் போட்டுக்கொடுப்பான். கழற்றிய இந்தியச் சிம் ஒரு காகிதத்தில் மடித்து அம்மாவின் பர்ஸுக்குள் போகும். அங்கேயே ஆறு மாதம் தூங்கும்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி 90 நாள் தொடர்ந்து அழைப்போ எஸ்எம்எஸ்ஸோ டேட்டாவோ ரீசார்ஜோ எதுவுமே இல்லாத ப்ரீபெய்டு எண்ணை நிறுவனம் முடக்கலாம். கணக்கில் 20 ரூபாயாவது இருப்பு இருந்தால் அப்படி முடக்கக் கூடாது என்று 2013 முதலே விதி இருக்கிறது. இருந்தாலும் வேலிடிட்டி தீர்ந்த சிம்மை நம்பிக் கடல் கடப்பது புத்திசாலித்தனம் அல்ல. எண் உயிரோடு இருந்தாலும் உள்வரும் செய்தி நின்றுபோகலாம். ஆறு மாதம் தங்கப் போகிறவர்கள் ஒரு வருடத் திட்டத்தைப் போட்டுவிட்டுக் கிளம்புவதே நிம்மதி. முடங்கிய எண்ணைக் குறைந்தது 90 நாளுக்கு வேறு யாருக்கும் தருவதில்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றத்தில் டிராய் சொன்னது. 90 நாளுக்குப் பிறகு? எண் இன்னொருவருக்குப் போகும். வங்கியில் எண்ணை மாற்றாமல் விட்டிருந்தால் ஓய்வூதியம் வந்த செய்தி முன்பின் தெரியாத ஒருவரின் போனில் மணியடிக்கும்.

இன்னொரு பொறி புதுப் போன். அமெரிக்காவில் விலை குறைவு என்று பிள்ளைகள் அப்பாவுக்கு ஐபோன் வாங்கிக்கொடுப்பது வழக்கம். 2022இல் வந்த ஐபோன் 14 முதல் அங்கே விற்கும் ஐபோன்களில் சிம் போடும் துளையே கிடையாது; இசிம் மட்டும்தான். கையில் இருக்கும் பிளாஸ்டிக் சிம்மை இசிம்மாக மாற்ற வேண்டும் என்றால் அந்தச் சிம்முக்கே உறுதிப்படுத்தும் செய்தி வந்தாக வேண்டும். வெளிநாட்டில் அது இழுத்தடிக்கும். மாற்றிவிட்டாலும் உடனே ஓடிபி வராது. சிம் மாற்றி மோசடி செய்பவர்களைத் தடுப்பதற்காக, சிம் மாறிய பிறகு 24 மணி நேரம் எஸ்எம்எஸ்ஸை நிறுத்திவைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டிருக்கிறது. நல்ல விதிதான். இசிம்முக்கு மாறும் எண்ணம் இருந்தால் ஊரில் இருக்கும்போதே, பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் மாறிவிட வேண்டும்.

யூபிஐ செயலிகளும் இதே ரகம். முதன்முறை பதிவு செய்யும்போது போனிலிருந்து ஓர் எஸ்எம்எஸ் ரகசியமாகப் புறப்பட்டுப் போய், இந்த எண் இந்தப் போனில்தான் இருக்கிறது என்று நிரூபிக்கும். ரோமிங்கில் அந்த எஸ்எம்எஸ் பல நேரம் போய்ச் சேராது. ஆகவே வெளிநாட்டில் இருக்கும்போது வங்கிச் செயலியையோ யூபிஐ செயலியையோ அழித்து மறுபடி நிறுவுவது, போனை ரீசெட் செய்வது போன்ற வீர விளையாட்டுகள் வேண்டாம். அங்கேயே குடியிருப்பவர்களுக்கு வேறு வழி உண்டு. வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கு வைத்திருப்பவர்கள் சிங்கப்பூர், அமெரிக்கா, ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட 10 நாடுகளின் எண்ணோடு யூபிஐ வைத்துக்கொள்ள, யூபிஐயை நடத்தும் என்பிசிஐ 2023 ஜனவரியில் அனுமதித்தது. போய்வரும் பெற்றோருக்கு அது பயன்படாது.

இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றும் எஸ்எம்எஸ் ஓடிபி, உண்மையில் இரண்டாம் சரிபார்ப்பு வகைகளிலேயே நோஞ்சான். நெட்வொர்க்குகள் தமக்குள் பேசிக்கொள்ளும் எஸ்எஸ்7 என்ற மொழி, கேட்பவர் யார் என்று பெரிதாகச் சோதிக்காத காலத்தில் உருவானது. 2017இல் ஜெர்மனியில் திருடர்கள் அந்த ஓட்டை வழியாக வங்கி எஸ்எம்எஸ்களைத் தங்கள் பக்கம் திருப்பி, ஓ2 நிறுவன வாடிக்கையாளர்களின் கணக்குகளைக் காலி செய்தார்கள். அதே ஆண்டு அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், எஸ்எம்எஸ் வழிச் சரிபார்ப்பைக் கட்டுப்பாட்டோடு மட்டுமே பயன்படுத்த வேண்டிய வகை என்று குறித்தது. ட்விட்டரின் நிறுவனர்களில் ஒருவரான ஜாக் டோர்ஸியின் ட்விட்டர் கணக்கே 2019 ஆகஸ்ட்டில், அவருடைய கைபேசி எண்ணைக் கைப்பற்றியவர்களிடம் சிக்கியது.

எனவே பயணத்துக்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்றே. எந்தக் கணக்கு சிம்மை நம்பி நிற்கிறது, எதைச் சிம்மிலிருந்து பிரிக்கலாம் என்று உட்கார்ந்து ஒரு பட்டியல் போட வேண்டும். வங்கியும் ஆதாரும் பிரியாது. அவற்றுக்காகச் சிம்மை உயிரோடு வைத்திருக்கத்தான் வேண்டும். ஜிமெயில், ஆப்பிள் கணக்கு, ஃபேஸ்புக், அலுவலகக் கணக்கு, மென்பொருளாளர்களின் கிட்ஹப் எல்லாவற்றையும் பிரித்துவிடலாம்.

பிரிப்பதற்கு எளிய கருவி ஆத்தென்டிகேட்டர் செயலி. கூகுள், மைக்ரோசாஃப்ட் இரண்டும் இலவசமாகத் தருகின்றன. முதலில் ஒரு கியூஆர் கட்டத்தைப் படம் பிடிப்போமே, அதற்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அந்தச் சாவியின் ஒரு பிரதி இணையதளத்திடமும் ஒரு பிரதி போனிலும் இருக்கும். இருவரும் 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எத்தனை 30 விநாடிகள் கடந்திருக்கின்றன என்று எண்ணி, அந்த எண்ணிக்கையையும் சாவியையும் சேர்த்து ஒரே கணக்கைப் போடுகிறார்கள். விடையின் ஆறு இலக்கம்தான் திரையில் தெரிவது. 2011இல் வகுக்கப்பட்ட இந்த முறைக்குக் கோபுரமும் வேண்டாம், இணையமும் வேண்டாம், சிம்மும் வேண்டாம். விமானத்தில் ஏரோப்ளேன் மோடில் பார்த்தாலும் சரியான எண் வரும்.

அதற்கு வேண்டியது சரியான நேரம். பயணிகள் தடுக்கி விழும் இடம் இது. போன் நேரத்தைத் தானாகவே எடுத்துக்கொள்ளும்படி விட்டிருந்தால், துபாயில் இறங்கும்போது அது நேர மண்டலத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும். உள்ளே ஓடும் உலகப் பொது நேரம் அப்படியே இருக்கும். எண்ணும் சரியாக வரும். சிலர் தானியங்கியை அணைத்துவிட்டு, மண்டலத்தை இந்தியாவிலேயே வைத்து, கடிகார முள்ளை மட்டும் ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். திரையில் பார்க்கத் துபாய் நேரம்தான். போனோ உலகமே ஒன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். அதாவது 180 எண்களுக்கு முந்தைய எண்ணைக் காட்டும். முந்தைய ஓர் எண்ணைத் தாமதக் கணக்கில் பொறுத்துக்கொள்ளும் இணையதளம், 180 எண் தள்ளி நிற்பவரை உள்ளே விடாது. கடவுச்சொல் சரி, செயலி சரி, ஆனாலும் உள்ளே போக முடியவில்லை என்று புலம்புபவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கடிகாரத்தைக் கையால் மாற்றினீர்களா என்பதுதான்.

சீனா போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே ஹோட்டல் வைஃபையில் கூகுள் சேவைகள் திறக்காது. 'நீங்கள்தானா?' என்று போனில் கேட்டு 'ஆம்' தட்டச் சொல்லும் கூகுளின் அறிவிப்பும் வந்து சேராது. ஆத்தென்டிகேட்டர் எண்ணுக்கு இந்தத் தடை பொருட்டே இல்லை. இந்தியச் சிம்மின் ரோமிங் டேட்டாவில் போனால் கூகுளும் பொதுவாகத் திறக்கும். ரோமிங் டேட்டா சொந்த நாட்டு நெட்வொர்க்குக்குப் போய் அங்கிருந்துதான் இணையத்துக்கு வெளியேறும் என்பதே காரணம்.

இனி எல்லோரும் பயப்படும் நிலைமை: போனே தொலைந்துபோனால்?

லண்டனில் 2024இல் மட்டும் 80,000க்கும் மேற்பட்ட போன்கள் திருடு போயின. அங்கிருந்து சீனாவுக்கு 40,000 போன்கள் வரை கடத்தியதாகச் சந்தேகிக்கப்படும் ஒரு கும்பலை 2025இல் மெட்ரோபாலிட்டன் போலீஸ் பிடித்தது. ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில் மின்சைக்கிளில் வந்தவன் கையிலிருந்து பிடுங்கிப் போகும்போது, சிம்மும் ஆத்தென்டிகேட்டரும் மின்னஞ்சலும் ஒரே நொடியில் போகின்றன. டூப்ளிகேட் சிம் வாங்க ஊரில் நேரில் போய் நிற்க வேண்டும். புதுப் போன் வாங்கிக் கூகுளுக்குள் போகலாம் என்றால் அது இரண்டாம் சரிபார்ப்பு கேட்கும். சரிபார்ப்பு எண்கள் கூகுள் ஆத்தென்டிகேட்டரில், அதன் பிரதியோ அதே கூகுள் கணக்கில். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே போட்டுப் பூட்டிய கதை.

டெரன்ஸ் ஈடன் என்ற பிரிட்டிஷ் தொழில்நுட்ப எழுத்தாளர் 2022இல் இதையே ஒரு கற்பனையாக எழுதிப் பார்த்தார். வீட்டில் மின்னல் விழுந்து போன், கணினி, யூஎஸ்பி பாதுகாப்புச் சாவி எல்லாம் எரிந்துவிட்டால் தன் கணக்குகளுக்குள் எப்படித் திரும்புவது என்று படிப்படியாக யோசித்துக்கொண்டே போனார். ஒவ்வொரு கதவும் இன்னொரு கதவின் சாவியைக் கேட்டது. பாதுகாப்பு விஷயத்தில் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்பவர் அவர். அதனால்தான் அவ்வளவு கச்சிதமாக மாட்டினார்.

இந்த வட்டத்தை உடைப்பது காகிதம். கூகுள் 10 காப்புக் குறியீடுகள் தரும். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒருமுறைதான் செல்லும். கிட்ஹப் 16 தரும். அச்சிட்டோ எழுதியோ இரண்டு பிரதி எடுக்க வேண்டும். ஒன்று போன் இருக்கும் பையில் இல்லாமல் வேறு பையில். மற்றொன்று ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம். அக்காவுக்கு இங்கே உண்மையாகவே வேலை இருக்கிறது. காகிதத்தில் எந்தக் கணக்கு என்றும் கடவுச்சொல் என்ன என்றும் எழுதக் கூடாது. கடவுச்சொல் இல்லாமல் அந்த எண்களால் யாரும் எதுவும் செய்ய முடியாது. படம் பிடித்துப் போனிலேயே வைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். போன் போனால் படமும் போகும். ஆப்பிள் 2021இல் மீட்புத் தொடர்பு என்ற வசதியைக் கொண்டுவந்தது. நம்பிக்கையான ஒருவரைக் குறித்துவைத்தால், கணக்கு பூட்டிக்கொள்ளும்போது அவருடைய ஐபோனில் ஒரு குறியீடு கிடைக்கும். பெற்றோருக்குப் பிள்ளையையும் பிள்ளைக்குப் பெற்றோரையும் குறித்துவைக்க ஐந்து நிமிடம் போதும்.

கூகுள் ஆத்தென்டிகேட்டரில் 2023 ஏப்ரல் முதல் எண்களைக் கூகுள் கணக்கில் சேமித்துவைக்க முடியும். போன் தொலைந்தவர்களுக்கு இது வரம். எதிர்ப்பக்கமும் உண்டு. அதே ஆண்டு ரீடூல் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனத்தின் ஊழியர் ஒருவரை ஏமாற்றி அவருடைய கூகுள் கணக்கைப் பிடித்தவர்களுக்கு, அந்தச் சேமிப்பு வழியாக மற்ற எல்லா எண்களும் கிடைத்துவிட்டன. நிறுவனத்தின் 27 வாடிக்கையாளர்களின் கணக்குகள் பாதிக்கப்பட்டன. பெரிய நிறுவனத்தின் நிர்வாகிக் கணக்கு வைத்திருப்பவர் இதை அணைத்துவைக்கலாம். ஆறு மாதம் நியூ ஜெர்சி போகும் பெற்றோர் திறந்தே வைக்கலாம். அவர்கள் கணக்கைத் திருடர்கள் தேடி வருவதைவிட போன் தண்ணீரில் விழுவதே அதிகம் நடக்கக்கூடியது.

இன்னும் ஒரு படி போக விரும்புபவர்களுக்கு யூஎஸ்பி வடிவில் பாதுகாப்புச் சாவிகள் இருக்கின்றன. கூகுள் 2017இல் தன் 85,000க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியது. அதன்பிறகு பணிக் கணக்கு எதுவும் போலி இணையதளத்தில் சிக்கிப் பறிபோகவில்லை என்று அடுத்த ஆண்டு சொன்னது. வாங்கினால் இரண்டாக வாங்கி, இரண்டையும் பதிவுசெய்து, ஒன்றை வீட்டில் விட்டுச் செல்ல வேண்டும். அந்தச் செலவு வேண்டாம் என்றால் பாஸ்கீ. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2022 மே மாதத்தில் கைகோத்து அறிவித்த இந்த முறையில் கைரேகையோ முகமோ காட்டினால் போதும். கடவுச்சொல்லும் இல்லை, ஓடிபியும் இல்லை.

வங்கிகளும் மெல்ல நகர்கின்றன. சிங்கப்பூரில் வங்கிச் செயலியிலேயே இயங்கும் டிஜிட்டல் டோக்கன் வைத்திருப்பவர்களுக்கு வங்கி உள்நுழைவில் ஓடிபியை மூன்று மாதத்துக்குள் கைவிடப்போவதாக 2024 ஜூலையில் அறிவித்தார்கள். ஐக்கிய அரபு அமீரக வங்கிகள் 2025 ஜூலையில் எஸ்எம்எஸ் ஓடிபியைக் கைவிடத் தொடங்கின. எஸ்எம்எஸ் மட்டுமே வழி அல்ல என்று வங்கிகளுக்கு வேறு முறைகளைத் தெளிவாகத் திறந்துவிடும் புதிய விதிகளை ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் அமல் என்று தேதி குறித்தது. இந்தியக் கார்டில் வெளிநாட்டு இணையதளத்தில் வாங்குவதற்கும், வணிகர் தரப்பு கேட்டால் இரண்டாம் சரிபார்ப்பு செய்யும் ஏற்பாடு 2026 அக்டோபர் 1க்குள் தயாராக இருக்க வேண்டும் என்பது அதே விதிகளில் இருக்கிறது. கேட்காமல் போய்க்கொண்டிருந்த பணத்துக்கும் இனி கேள்வி வரலாம். ஸ்டேட் வங்கிக்கு எஸ்எம்எஸ் இல்லாமலே எண் தரும் செக்யூர் ஓடிபி என்ற செயலி ஏற்கெனவே இருக்கிறது. ஊரில் இருக்கும்போதே நிறுவிப் பதிவுசெய்துகொண்டால் உதவும். வெளிநாடு போன பிறகு நிறுவலாம் என்று விட்டால், பதிவுக்கே எஸ்எம்எஸ் தேடி நிற்க வேண்டியிருக்கும்.

நகராமல் நிற்பது ஆதார். வெளிநாட்டு எண்ணை ஆதாரோடு இணைக்க முடியாது. வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்த 30 நாளுக்குள் சரிபார்த்தாக வேண்டும், பலரும் நம்பியிருப்பது ஆதார் ஓடிபியை. அது வராதவர்கள் நெட்பேங்கிங் வழியாகச் சரிபார்க்கலாம். அதுவும் கைகொடுக்காவிட்டால் ஒப்புகைப் படிவத்தை அச்சிட்டு, பேனாவால் கையெழுத்துப் போட்டு, அந்த 30 நாளுக்குள் போய்ச் சேரும்படி பெங்களூருவில் உள்ள வரித்துறை மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம்.